கர்ப்பகாலச் சர்க்கரை: 152 என்ற எண்ணை என்ன செய்வது?

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 23, முதல் கர்ப்பம், 26-வது வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்ததில் 152. மனசு கேட்காமல் ஓசூரில் ஒரு லேபில் வெறும் வயிற்றில் பார்த்ததில் 84. ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கர்ப்பத்துக்கு முன் எடை 44 கிலோ. “எங்க வீட்ல யாருக்கும் சர்க்கரை கிடையாது. நானும் ஒல்லியாச்சே. எதை நம்பறது? சோத்தை நிறுத்திட்டு மூணு வேளையும் களி தின்னா சரியாயிடும்னு அத்தை சொல்றாங்க. மாத்திரை, ஊசி போட்டா குழந்தைக்கு ஆகாதாமே? பிரசவம் ஆனா தானா போயிடுமா?”

தருமபுரி மாவட்டத்தில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். கடைசிக் கேள்வியை எல்லோரும் ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். எனக்கோ அதுதான் முதல் கேள்வி. ஆனால் உங்கள் வரிசைப்படியே போவோம்.

இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும்போது உடம்பு சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறதா என்பதை 84 சொல்கிறது. வைத்திருக்கிறது, நல்லது. 75 கிராம் குளுக்கோஸ் ஒரேயடியாக உள்ளே போனால் அதைச் சமாளிக்க முடிகிறதா என்பதை 152 சொல்கிறது. அங்கேதான் தடுமாற்றம். கர்ப்பகாலச் சர்க்கரையில் நிறையப் பேருக்கு முதலாவது ஒழுங்காக இருந்து இரண்டாவது மட்டும் கூடும். அதுவும் ஊருக்கு ஊர் மாறும். 2008-ல் வெளிவந்த ‘ஹாப்போ’ என்ற பெரிய ஆய்வில் 9 நாடுகளில் 15 மையங்களில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். சர்க்கரை உண்டு என்று கணக்கானவர்களில், வெறும் வயிற்று ரத்தத்திலேயே பிடிபட்டவர்கள் பார்படாஸில் முக்கால்வாசிப் பேர். பாங்காக்கிலும் ஹாங்காங்கிலும் கால்வாசிதான். இந்தியா அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் ஒரு ஆசியப் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று அனுப்பக்கூடாது என்பதற்கு இது போதும்.

இனி அந்த 152. நம் நாட்டுக் கணக்கில் இரண்டு மணி நேர எண் 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. ஹாப்போ ஆய்வை வைத்து 2010-ல் சர்வதேசக் குழு வகுத்து, 2013-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட கணக்கில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. அதன்படி நீங்கள் ஒரே ஒரு புள்ளியில் தப்பிக்கிறீர்கள். ஒரு மணி நேர ரத்தம் எடுக்காததால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நம்முடைய 140 சென்னையில் பிறந்தது. மருத்துவர் வி. சேஷையாவும் அவர் குழுவினரும் வகுத்த முறை இது. 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணி கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று பார்க்காமல் குளுக்கோஸ் கொடுத்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பது இதன் சாரம். அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரம் மலையோரத்திலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பெண்ணிடம் ‘நாளைக்குப் பட்டினியாக வா’ என்றால், அந்த நாளை வரவே வராது. 2007-லேயே தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையை அரசாணையாக்கியது. 2008-ல் இதே குழு வெளியிட்ட கணக்கில் கர்ப்பிணிகளில் நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது. கிராமத்தில் பத்தில் ஒருவர். ‘இதெல்லாம் டவுன்காரங்க வியாதி’ என்று அத்தை சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு, அதுவும் சென்னையிலிருந்தே. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2014-ல் ஒரே பெண்களைச் சாப்பிட்ட நிலையிலும் பட்டினி நிலையிலும் சோதித்து, சாப்பிட்டபின் செய்யும் சோதனை பலரைத் தவறவிடுகிறது என்று காட்டினார்கள். சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தக் குறை, சர்க்கரை உள்ளவரை விட்டுவிடுவது பற்றியது. உங்களை அது விடவில்லை, பிடித்துவிட்டது.

140-ஆ 153-ஆ என்று சண்டை போட்டுப் பயனில்லை என்பது என் கருத்து. ஹாப்போ ஆய்வின் முக்கியமான முடிவே, இந்த எண்வரை பத்திரம், இதற்குமேல் ஆபத்து என்று எந்த இடத்திலும் தெளிவான கோடு தெரியவில்லை என்பதுதான். சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடை, தொப்புள்கொடி ரத்தத்தில் தெரியும் இன்சுலின் சுரப்பு, சிசேரியன் வாய்ப்பு எல்லாம் படிப்படியாகவே ஏறின. கோட்டைக் கிழித்தவர்கள் மனிதர்கள். எங்காவது ஓரிடத்தில் கிழித்துத்தானே ஆகவேண்டும்? அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2005-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு. சுமார் 1,000 கர்ப்பிணிகள். இரண்டு மணி நேர எண் 140-லிருந்து 198 வரை இருந்தவர்கள். உங்கள் 152 அதற்குள் விழுகிறது. பாதிப் பேருக்கு உணவு ஆலோசனை, சர்க்கரைக் கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின். மீதிப் பேருக்கு வழக்கமான கர்ப்பகாலக் கவனிப்பு மட்டும். குழந்தைக்கு வரும் கடுமையான சிக்கல்கள் இரண்டாம் கூட்டத்தில் 4 சதவீதம், முதல் கூட்டத்தில் 1 சதவீதம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

“நான் ஒல்லியாச்சே” என்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பலரும் சொல்வது. புனே கிராமங்களில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வு இதற்குப் பதில். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும். சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கிற இடம் தசை. தசை குறைவாகப் பிறந்து, பத்தாம் வகுப்பு வரை ரத்தசோகையோடு வளர்ந்து, இருபதில் கல்யாணமாகிக் கர்ப்பமாகும் உடம்புக்கு 44 கிலோ எந்தப் பாதுகாப்பும் தராது.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதையும் அப்படியே ஏற்க மாட்டேன். அம்மாவுக்குக் கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள்? 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அடுத்தமுறை அந்தத் திட்டத்து அம்மா தெருவுக்கு வரும்போது உங்கள் அம்மாவையும் அத்தையையும் உட்காரவையுங்கள்.

கர்ப்பத்தில் இது ஏன் வருகிறது? குழந்தைக்குச் சாப்பாடு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று நச்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரந்து, தாயின் இன்சுலினை மந்தமாக்குகிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இது வேகமெடுக்கும். அதனால்தான் முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை என்று இரண்டு சோதனை. பெரும்பாலான பெண்களின் கணையம் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே கையிருப்பு குறைந்த கணையம் திணறும். தாயின் சர்க்கரை நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தை தன் இன்சுலினைக் கூட்டி, வருகிற சர்க்கரையையெல்லாம் கொழுப்பாக்கும். டென்மார்க்கின் பெடர்சன் 1950-களிலேயே சொன்னது, இன்றும் நிற்கிறது.

களி விஷயத்துக்கு வருவோம், அத்தையிடம் மாட்டிக்கொள்ளாமல் சொல்லப் பார்க்கிறேன். கேழ்வரகு நல்ல தானியம். நார்ச்சத்து அதிகம், 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், அரிசியில் அதெல்லாம் பேருக்குத்தான். ஆனால் மாவுச்சத்து? அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67 கிராம். பெரிய வித்தியாசமில்லை. மெஷினில் மைதா மாதிரி நைஸாக அரைத்து, கூழாகவோ கஞ்சியாகவோ கரைத்து ஒரு சொம்பு குடித்தால் சோற்றுக்குச் சமமாகவே ஏறும். அதனால் சோறா களியா என்பதைவிட எவ்வளவு, எதோடு என்பதுதான் கேள்வி.

ஒரு மத்தியானத் தட்டைப் பார்ப்போம். வழக்கமாக நம் வீடுகளில் இரண்டு பெரிய உருண்டை, அதன் மேல் மிளகாய்ச் சாறு. குழம்பில் பருப்பைத் தேட வேண்டும். இதை மாற்றி, உங்கள் கைமுஷ்டி அளவு ஒரே உருண்டை, அதைவிடப் பெரிய இடத்தில் முருங்கைக்கீரை அல்லது தண்டுக்கீரைக் கடைசல், ஒரு கிண்ணம் பச்சைப்பயறோ அவரைக்கொட்டையோ, ஒரு முட்டை. கொள்ளு சூடு என்று கர்ப்பிணிக்குத் தரமாட்டார்கள், விடுங்கள், பயறு போதும். மூன்று பெரிய வேளையை ஆறு சின்ன வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வாசலிலோ களத்திலோ நடங்கள். சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் எண் 120-க்குள் இருந்தால் அந்தத் தட்டு உங்களுக்கு ஒத்துப்போகிறது என்று அர்த்தம். ஒரு குளுக்கோமீட்டரை இரண்டு மூன்று வாரத்துக்கு இரவல் வாங்கினாலும் எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்தச் சின்ன மிஷின் சொன்னால் கேட்பார்கள்.

யாரும் எச்சரிக்காத சில இடங்கள் உண்டு. அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது. வேண்டாம் என்று தூக்கிப் போட வேண்டாம், அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் வையுங்கள். சோற்றுக்கு மேல் போனஸாக அல்ல. முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பெட்டகத்தில் வரும் பேரீச்சை இரும்புச்சத்துக்காகத் தருவது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். நாட்டுச்சர்க்கரை, பனைவெல்லம், தேன் எதுவும் சர்க்கரைக்கு மாற்று கிடையாது. பாலக்கோட்டுக்காரரிடம் வெல்லத்தைக் குறை சொல்வது எனக்கே சங்கடம்தான், ஆனால் ரத்தத்துக்கு எந்த ஊர் வெல்லம் என்று தெரியாது. மாம்பழம் சாப்பாட்டோடு சேராமல் இடைவேளையில் இரண்டு கீற்று. ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சர்க்கரை என்றதும் பாதிப் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். எண் அழகாக இறங்கும், குழந்தையின் எடையும் இறங்கும். 44 கிலோவில் கர்ப்பமான நீங்கள் எடை கூடியே ஆக வேண்டும். மாதா மாதம் எடை ஏறவில்லை என்றால் குறைக்கவேண்டியது சாப்பாட்டை அல்ல. அப்போது மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மருந்து: இரண்டு வாரம் உணவை மாற்றிப் பார்த்தும் சாப்பிட்ட இரண்டு மணி நேர எண் 120-க்குக் கீழே வரவில்லை என்றால் தொடங்கச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டாது. குழந்தைக்கு ஆகாது என்ற பயத்துக்கு இடமே இல்லை. ‘ஒருதடவை ஊசி போட்டா ஆயுசுக்கும் ஊசிதான்’ என்பதும் வெறும் பேச்சு. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும். மெட்ஃபார்மின் மாத்திரை நச்சுக்கொடியைத் தாண்டும். 2008-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 751 பெண்களிடம் நடந்த ஆய்வில் பிறந்த குழந்தைகளுக்குச் சிக்கல் கூடவில்லை. ஆனால் மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கடைசியில் இன்சுலினும் தேவைப்பட்டது. அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்ததில் அடிலெய்டில் ஏழு வயதில் வித்தியாசமில்லை, ஆக்லாந்தில் ஒன்பது வயதில் மாத்திரைக் கூட்டத்துக் குழந்தைகள் சில அளவுகளில் பெரிதாக இருந்தார்கள். ஒல்லியான தாய், ஸ்கேனில் குழந்தையும் சிறிதாகத் தெரிகிறது என்றால் நான் இன்சுலின் பக்கம்தான் சாய்வேன். முடிவை உங்களைப் பார்க்கும் மருத்துவர் எடுக்கட்டும்.

பிரசவம் அரசு மருத்துவமனையிலேயே இருக்கட்டும். பிறந்த குழந்தை தன் இன்சுலினைக் கூட்டியே பழகியிருக்கும், தாயிடமிருந்து வந்த சர்க்கரை திடீரென நிற்கும். முதல் சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சேனைத்தண்ணி, தேன் வைக்க யாரையும் விடாதீர்கள்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. பிரசவம் ஆனதும் போய்விடுமா? எண் போய்விடும். நச்சுக்கொடி வெளியே வந்த சில நாளில் பெரும்பாலானவர்களுக்கு எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்தான். ஆனால் திணறிய கணையம் உங்களுடையது, அது உங்களோடுதான் வீட்டுக்கு வரும். இந்தச் சோதனை பிறந்த கதையே அதுதான். 1964-ல் பாஸ்டனில் ஓ’சல்லிவனும் மாஹானும் 752 கர்ப்பிணிகளின் ரத்தத்தை வைத்து எல்லை வகுத்தபோது, அவர்கள் கண்டுபிடிக்க விரும்பியது இந்தத் தாய்மாரில் யாருக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் என்பதை. குழந்தையைப் பற்றிய கணக்கு பிறகு வந்தது. இன்று தலைகீழாகிவிட்டது: குழந்தை நல்லபடியாகப் பிறந்தவுடன் தாயின் எண்ணை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவருக்கு, வராதவரைவிட, பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 2009-ல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். 2020-ல் இன்னும் பெரிய தொகுப்பில் அது பத்து மடங்குக்குப் பக்கம் வந்தது. இதய நோய்க்கும் இதே கதை. சர்க்கரை வந்த பெண்ணுக்கு மாரடைப்பு வாய்ப்பு கூடும் விகிதம், சர்க்கரை வந்த ஆணைவிட அதிகம்.

தடுக்க முடியுமா? அமெரிக்காவில், முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை வந்து, பிறகு எண் கூடியும் நோய் என்ற அளவைத் தொடாமல் எல்லையில் நின்ற பெண்களிடம் தீவிரமான உணவு, உடற்பயிற்சித் திட்டமும் மெட்ஃபார்மினும் தனித்தனியாக நோயை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தன. அதைப் பார்த்து இந்தியா, வங்கதேசம், இலங்கையில் 1,601 தாய்மாரிடம் ஒரு வருட வாழ்முறைத் திட்டம் நடத்தி 2022-ல் முடிவைச் சொன்னார்கள். வித்தியாசம் வரவில்லை. திட்டத்தில் இருந்தவர்களில் 25.5 சதவீதம், இல்லாதவர்களில் 27.1 சதவீதம் பேருக்கு நிலை மோசமாகியிருந்தது. பலர் இதை ‘ஒன்றும் பலிக்காது’ என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அமெரிக்கப் பெண்கள் அந்தப் பிரசவத்திலிருந்து சராசரியாகப் பன்னிரண்டு வருடம் தாண்டியவர்கள். இவர்கள் கைக்குழந்தைக்காரர்கள், நடுவில் கொரோனா வேறு. இடுப்பில் குழந்தையோடு இருக்கிறவளை வகுப்புக்கு வா, ஓடு, நட என்றால் எங்கே போவாள்? எனக்குப் படுவது, கால்வாசிப் பேருக்கு இவ்வளவு சீக்கிரம் மோசமாகிறது என்ற உண்மைதான். பின்னாளில் என்றால் ஐம்பது வயதில் என்று நினைக்காதீர்கள்.

கைக்குழந்தைக்காரியால் முடிகிற ஒன்று தாய்ப்பால். கலிபோர்னியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த சுமார் ஆயிரம் தாய்மாரை இரண்டு வருடம் பார்த்து 2015-ல் சொன்னார்கள்: தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு, புட்டிப்பால் மட்டும் கொடுத்தவர்களைவிட, சர்க்கரை நோய் வந்தது பாதிக்கும் குறைவு.

இன்னொன்று, பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரச் சர்க்கரைச் சோதனை. நம் பக்கம் இது ஏன் தவறுகிறது என்று எனக்குத் தெரியும். தலைப்பிரசவம் என்றால் நீங்கள் தாய்வீட்டில் இருப்பீர்கள். மாமியார் ஊர் நர்சம்மா கணக்கில் நீங்கள் ஊரில் இல்லை. அம்மா ஊர் நர்சம்மாவுக்கு உங்கள் 152 தெரியாது. ஆனால் ஒரு நாள் கண்டிப்பாக நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போவீர்கள்: குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடும் புதன்கிழமை. அந்த நாளையே பிடியுங்கள். துணை நிலையத்தில் ஊசி என்றால் அன்றைக்கு மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்விடுங்கள். முந்தின நாளே நர்சம்மாவிடம் சொல்லிவைத்து, ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தி, காலையில் வெறும் வயிற்றில் போய் ஒரு ரத்தம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒரு ரத்தம். நடுவில் குழந்தைக்கு ஊசி, பால் கொடுத்துத் தூங்கவைப்பது எல்லாம் முடிந்துவிடும். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணி நேரத்தில் 200 தொட்டால் சர்க்கரை நோய். இரண்டு மணி நேர எண் 140-க்கும் 199-க்கும் நடுவில் என்றால் எல்லையில் நிற்கிறீர்கள். அதற்குக் கீழே என்றால் வருடத்துக்கு ஒருமுறை. அந்த நேரத்தில் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) போதும் என்று லேபில் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். பிரசவ ரத்தப்போக்கும் ரத்தசோகையும் அந்த எண்ணைக் குழப்பிவிடும்.

குழந்தையையும் மறக்கவேண்டாம். மைசூருவில் 1997-98-ல் கர்ப்பிணிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வில் (அங்கும் ராகிக் களி உருண்டைதான்) கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு ஐந்து வயதிலேயே உடலில் கொழுப்பு கூடுதலாக இருந்தது. ஒன்பது வயதைத் தாண்டியபோது இன்சுலின் மந்தமும் தெரிந்தது. அங்கன்வாடியில் எடை போடும்போது குறைவா என்று மட்டும் பார்க்காதீர்கள், கன்னம் உப்பியதும் பெருமைப்படாதீர்கள்.

அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது, கர்ப்பமாவதற்கு முன்பே ஒருமுறை வெறும் வயிற்று ரத்தமும் இரண்டு மணி நேர ரத்தமும் பார்த்துவிடுங்கள். நாள் தள்ளிப்போய்ப் பதிவு செய்யும் முதல் செவ்வாய்க்கிழமையே ‘போனதடவை 152 இருந்துச்சு’ என்று சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் 24-வது வாரம்வரை யாரும் கேட்க மாட்டார்கள்.